நூற்றுப் பத்து கெஜத்தில் ஒரு பொங்கல்

பொங்கலுக்கு நான் திட்டம் போட ஆரம்பித்ததற்குக் காரணம் வெல்லம்.

கல்யாணமாகி வந்த முதல் வருஷப் பொங்கல் அது. வாசலில் மூன்று கல் கூட்டி, புதுப்பானை ஏற்றி, பால் பொங்கி வழிந்து, வீட்டில் கூடியிருந்த முப்பது பேரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தி ஓய்ந்து, அரிசி வெந்து குழைந்த பிறகுதான் வீட்டில் வெல்லமே இல்லை என்று தெரிந்தது. என் மாமியார் அதற்கு முந்தின மூன்று நாளில் ஏழு தடவை கும்பகோணம் போய் வந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் மறந்த சாமானை வாங்கப் போய் இன்னொன்றை மறந்துவிட்டு வந்தார். ஏழாவது தடவை வெல்லத்துக்கென்றே போனவர் ஒரு முறம் வாங்கி வந்தார். முறம் மலிவாகக் கிடைத்ததாம். அன்று சூரியனுக்கு நாங்கள் படைத்தது உப்பில்லாத பால்சோறு. நாத்தனார் தன் புடவைக்குக் கரை சின்னது என்று அழுதாள். என் கணவர் சைக்கிளில் வெல்லம் தேடிப் போய் மத்தியானம் மூன்று மணிக்குச் சர்க்கரையோடு வந்தார்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு வருஷம் நான் தஞ்சாவூரில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவள். அந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு ஒரு சர்க்காரையே நடத்திவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. அடுத்த கார்த்திகை பிறந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, "பொங்கல் திட்டம்" என்று எழுதினேன்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நோட்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் புடவை வாங்கி வந்தபோதுகூட அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உடனே ஸ்கேலும் சிவப்பு மையும் எடுத்து வந்து கட்டம் போட உட்கார்ந்துவிட்டார்.

"கால அட்டவணை இல்லாம திட்டம் எப்படிடி நடக்கும்? நாலு நாளைக்கும் மணி வாரியாப் போட்டுருவோம்" என்றார்.

போட்டார். போகி காலை ஐந்து மணிக்குப் பழையன கழித்தல், ஆறு மணிக்கு வெள்ளையடித்தல் என்று ஓடியது அந்த அட்டவணை. போகி மாலை நான்கு முதல் நான்கரை வரை "சண்டை" என்று எழுதியிருந்தது.

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

"எப்படியும் என் தங்கச்சி சண்டை போடுவா. அதுக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கிட்டா மத்த வேலை கெடாதுல்ல?"

செலவுப் பக்கம் என் பொறுப்பு. எண்ணெய், பருப்பு, மஞ்சள், கரும்பு என்று தனித்தனியாகத் தொகை எழுதி, கடைசியில் "எதிர்பாராத செலவு" என்று இருபத்தைந்து ரூபாய் போட்டேன். அதைப் படித்துக் காட்டியபோது அத்தைக்கு மிகவும் பிடித்துப்போனது அந்தக் கடைசி வரிதான். மறுநாளே அந்த இருபத்தைந்தையும் வாங்கிக்கொண்டு போய் ஒரு கொடிவிளக்கு வாங்கி வந்தார்.

"நான் இதை எதிர்பார்க்கவே இல்லம்மா. கடையில திடீர்னு இருந்துச்சு" என்றார்.

என் திட்டத்தில் மூன்று புதிய ஏற்பாடுகள் இருந்தன. வருகிற ஆறு குடும்பமும் ஆளுக்கு ஒரு சாமான் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்கூட்டியே கார்டு போட்டுவிடுவது. பானை, பாத்திரம் எதற்கும் காசு செலவழிக்காமல் பழைய துணிகளைப் பாத்திரக்காரனிடம் போட்டு வாங்கிக்கொள்வது. புதுத்துணி எல்லாருக்கும் ஒரே பீஸிலிருந்து எடுப்பது. கரை சின்னது, பூ பெரிசு என்று யாரும் அழ முடியாது. மூன்றும் அற்புதமான யோசனைகள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் வயல் கணக்கும் இருந்தது. பொங்கல் முடிந்ததும் சம்பா அறுப்பு. அதில் நான் எழுதியது ஒரே வரி: "அறுப்புக் கூலி, போன வருஷம் போல."

அந்த ஒரு வரியைத்தான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சுவரெல்லாம் உதயம், விடியல் என்று எழுதியிருந்தார்கள். நில உச்சவரம்புச் சட்டம், குத்தகைப் பதிவு, கூலிப் பேச்சுவார்த்தை என்று தாலுகா ஆபீஸில் எந்நேரமும் கூட்டம். விவசாயத் தொழிலாளிகள் சங்கம் வைத்து, அடித்துத் தூற்றுகிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியில் அரைப்படி கூட்டித் தரவேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்தால்தான் அரிவாள் எடுப்பது என்று முடிவு. நிலக்காரர்களும் பதிலுக்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் என் மாமனாரும் மெம்பர்.

மாமாவுக்கு இருந்தது ஒரு வேலி நிலம், ஏழு ஏக்கருக்கும் குறைவு. உச்சவரம்புச் சட்டம் அவரை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. ஆனால் தன் நிலமெல்லாம் போய்விடப் போகிறது என்று பயப்படுவதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பயம் பெரிய மிராசுதார்களுக்கு மட்டுமே உரியதென்று எண்ணி, ஐம்பது வேலிக்காரரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பயந்துவிட்டு வருவார்.

"அரைப்படி கொடுத்தா அடுத்த வருசம் முழுப்படி கேப்பாங்க. சங்கத்துல தீர்மானமே போட்டாச்சு" என்பார்.

எங்கள் வயலுக்கு அறுப்புக்கு வருகிறவர்களுக்கு ஒரு பெண்தான் தலைவி. ஐம்பது வயசிருக்கும். வெற்றிலை போட்ட வாய், நிதானமான பேச்சு. மார்கழியில் நாலு தடவை எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். நாலு தடவையும் மாமா, "பொங்கல் வேலை தலைக்கு மேல இருக்கு, அப்புறம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார். அதில் ஒரு தடவை நானும் சேர்ந்து, நோட்டும் கையுமாக, "அடுத்த வாரம் வாங்கக்கா" என்று சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

போகியன்று உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். முதலில் வந்த பெரியப்பா தலையில் ஒரு பூசணிக்காய். நல்லது என்று வாங்கி வைத்தேன். அடுத்து சித்தப்பா வீட்டார் வந்தார்கள், பூசணிக்காயோடு. மூன்றாவது வண்டியிலிருந்து பூசணிக்காய் முதலில் இறங்கியது, ஆட்கள் பின்னால் இறங்கினார்கள். என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கார்டுல என்னங்க எழுதினீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான். முதல் கார்டு எழுதினேன். மத்ததெல்லாம் அதைப் பார்த்துக் காப்பி பண்ணிட்டேன்."

"அப்படியேவா?"

"அடித்தல் திருத்தல் இல்லாம" என்றார், பெருமையாக.

ஆறு குடும்பம், ஏழு பூசணிக்காய். நாத்தனார் வீட்டில், அண்ணன் குடும்பத்தில் கஷ்டமோ என்னவோ என்று நினைத்து இரண்டு கொண்டு வந்திருந்தார்கள். வாழைக்காய் இல்லை, தேங்காய் இல்லை, வெற்றிலை இல்லை. அந்த நாலு நாளும் நாங்கள் பூசணிக்காய்ச் சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, பூசணிக்காய்ப் பொரியல், பூசணிக்காய் அல்வா சாப்பிட்டோம். மாட்டுப் பொங்கலன்று தோலை வைத்தபோது எங்கள் வீட்டு எருது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

என் கணவர் அட்டவணையைப் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்ததை நாத்தனார் பார்த்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் அதை மிகவும் மரியாதையாக எடுத்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கே என்மேல் ஏதோ வருத்தம் வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முறுக்குப் பிழிந்தாள். சரியாக நாலு மணிக்கு மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து, "இப்ப சொல்றேன் அண்ணி" என்று ஆரம்பித்தாள். நாலரைக்கு என் கணவர் விசில் ஊதினார். அவள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

பாத்திரக்காரனும் அன்றைக்கே வந்தான். வீட்டிலிருந்த பழைய துணியெல்லாம் அத்தை மூட்டையாகக் கட்டிப் போட்டு, பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்று வாங்கினார். எட்டணாகூடச் செலவில்லை. அந்த மூட்டையில் மாமாவின் சட்டைகள் அத்தனையும் போயிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

"புதுசு வருதேன்னு போட்டேன். இருக்கற ஒண்ணும் உங்க மேலேயே இருக்கு" என்றார் அத்தை. மேலே இருந்த அந்த ஒன்றும் மாட்டுப் பொங்கலன்று மாடு குளிப்பாட்டும்போது எருதின் கொம்பில் மாட்டி, காலர் முதல் கீழ்வரை கிழிந்துவிட்டது.

இனி துணி விஷயம். அது முழுக்க அத்தையின் பொறுப்பு. கார்த்திகையிலேயே கும்பகோணத்தில் ஒரு கடையில் நூற்றுப் பத்து கெஜம் ஒரே பீஸாக, கெஜம் இரண்டு ரூபாய்க்குப் பேசி வாங்கி, கடையிலிருந்து நேரே தையல்காரரிடம் கொண்டுபோய் இறக்கிவிட்டார். கெட்டித் துணி, மாதுளம்பூ நிறம் என்று எங்களுக்குச் சொன்னார். கடைக்குள் வெளிச்சம் குறைவு. தையல்காரர் பொங்கலன்று தருவதாகச் சொல்லி, மாட்டுப் பொங்கலன்று பொழுது சாயும்போது மூட்டையைக் கொண்டு வந்து போட்டார். அத்தை முடிச்சை அவிழ்த்தார்.

எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

மாதுளம்பூ நிறமெல்லாம் இல்லை. அது சிவப்பு. சங்கத்துக் கூட்டத்தில் மூங்கிலில் கட்டிப் பறக்குமே, அந்தச் சிவப்பு. ஒன்பது புடவை, பத்துச் சட்டை, பன்னிரண்டு குழந்தைகளுக்குப் பாவாடையும் கவுனும் அரைக்கால் சட்டையும், எல்லாம் அதே சிவப்பு. ஒரு பூ இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"குங்குமக் கலர்" என்றார் அத்தை, மெதுவாக.

மாமா திண்டாடிப் போய்விட்டார். "நான் நிலக்காரர் சங்கத்துல மெம்பர். இதப் போட்டுக்கிட்டு நான் தெருவுல நடந்தா என்ன சொல்லுவாங்க?"

"சட்டையில்லாம நடந்தா மட்டும் என்ன சொல்லுவாங்க?"

மாமா போய் மகனின் பெட்டியைத் திறந்தார். என் கணவரின் சட்டை எதுவும் அவர் தோளுக்கு ஏறவில்லை. வேறு யாரும் மாற்றுச் சட்டை கொண்டு வந்திருக்கவில்லை. துணிமணிச் சுமை வேண்டாம், எல்லாம் இங்கே கிடைக்கும் என்று கார்டில் எழுதியிருந்தோம். அதையும் என் கணவர் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஆறு கார்டிலும் எழுதியிருந்தார்.

காணும் பொங்கலன்று எல்லாரும் தாராசுரம் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. மெயின்ரோடு வரை இரண்டு மைல் நடந்து, பதினொரு மணி பஸ் பிடிக்க வேண்டும். முப்பத்தோரு பேர். அதில் குழந்தைகளை எண்ணுவதற்குச் சௌகரியமாக என் கணவர் எல்லாரையும் இரண்டிரண்டு பேராக வரிசையில் நிற்கவைத்தார். பள்ளிக்கூட விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குழந்தைகள் ஆளுக்கு ஒரு கரும்பை நட்டுக்குத்தலாகத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். மாமா முதல் வரிசை. சட்டையை மறைக்கத் துண்டைப் போர்த்தியிருந்தார். ஆனால் அந்தத் துண்டு சிறியது, மாமா பெரியவர்.

அப்படி நாங்கள் முப்பத்தோரு பேரும் சிவப்பில் தெருவுக்கு இறங்கினோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் குழந்தைகளுக்கு உற்சாகம் வந்து, "பொங்கலோ" என்று ஒன்று கத்த, மற்றவை "பொங்கல்" என்று கத்தின. விசிலும் சேர்ந்துகொண்டது.

வழியில் வாய்க்கால் மதகு. அதன்மேல் அறுப்புக்காரர்கள் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து கூலி விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பிறகு ஒருத்தர் எழுந்தார், இன்னொருத்தர் எழுந்தார், எல்லாரும் எழுந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மாமாவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"மிராசுதாரய்யா நம்ம பக்கம் வந்துட்டாருடா!"

மாமா வேகமாக நடந்தார். அது இன்னும் வீரமாகத் தெரிந்தது போலிருக்கிறது. பதினைந்து இருபது பேர் எங்கள் வரிசையின் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஆள் எண்ணிக்கொண்டே வந்த என் கணவர் முப்பத்தோரு பேருக்குப் பதில் நாற்பத்தெட்டு வருவதைக் கண்டு, தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

மதகிலிருந்து கூப்பிடு தூரத்தில், சாலை திரும்பும் இடத்தில் போலீஸ் ஜீப் நின்றது. கூலித் தகராறுக்காக அந்தப் பக்கமெல்லாம் ஊர்வலத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் இளம்வயது; புதிதாக வந்தவர். கையை நீட்டி நிறுத்தினார்.

"யாரு இங்க தலைவர்?"

நாங்கள் எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். வீட்டில் அவர்தானே மூத்தவர்.

"ஊர்வலத்துக்குப் பர்மிஷன் வாங்கினீங்களா?"

"ஊர்வலம் இல்லீங்க. தாராசுரம் கோயிலுக்குப் போறோம்."

"அங்க என்ன, மறியலா?"

"சாமி கும்பிட."

"சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு, கையில கம்போட சாமி கும்பிடப் போறீங்க?"

"அது கம்பு இல்ல சார், கரும்பு" என்றார் என் கணவர். கான்ஸ்டபிள் ஒருவர் ஒரு குழந்தையின் கரும்பை வாங்கித் தட்டிப் பார்த்தார், கடித்துப் பார்த்தார். "கரும்புதான் சார்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கடித்தார். குழந்தை அழ ஆரம்பித்தது.

சப்-இன்ஸ்பெக்டரின் கண் என் கணவர் கையிலிருந்த நோட்டின்மேல் விழுந்தது. பிரித்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் நெற்றி சுருங்கியது.

"'போகி மாலை நான்கு முதல் நான்கரை, சண்டை.' நேரம் குறிச்சு வச்சு சண்டை போடுறீங்க. யாரோட?"

"என் தங்கச்சியோட சார்."

நாத்தனார் வரிசையிலிருந்து முன்னால் வந்து, "ஆமாங்க, நான்தான். நடந்து முடிஞ்சுது" என்றாள்.

"'பூசணிக்காய் ஏழு வந்து சேர்ந்தது.' பூசணிக்காய்னா என்ன?"

"பூசணிக்காய்தான் சார்."

"ஏழு எதுக்கு?"

எல்லாரும் கார்டு எழுதியவரைப் பார்த்தோம். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் மிராசுதார். நிலக்காரர் சங்கத்துல மெம்பர். இவங்க கட்சிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

சொன்ன வேகத்தில் துண்டு நழுவியது. சப்-இன்ஸ்பெக்டர் சட்டையைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"எத்தனை வேலி?"

"ஒரு வேலி."

"ஒரு வேலிக்கா மிராசுதாருங்கறீங்க?"

அந்த வருஷம் முழுவதும் மாமாவை யாரும் அவ்வளவு புண்படுத்தியதில்லை. நழுவிய துண்டை எடுத்து மறுபடி போர்த்திக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இங்க சங்கத்துக்காரங்க யாராவது இருக்கீங்களா? இவரு உங்க ஆளா இல்லையா?"

அறுப்புத் தலைவியான அந்த அக்கா முன்னால் வந்தார். மாமாவை மேலும் கீழும் பார்த்தார். அவசரமே படவில்லை.

"நான் என்ன சொல்லணுங்க?"

"உண்மையைச் சொல்லு. யாரு இவரு?"

"உண்மையைச் சொல்லணும்னா ஒரு மாசமா நாங்க நாலு தடவை இவரு வீட்டு வாசல்ல நின்னோம். 'பொங்கல் வேலை இருக்கு, அப்புறம் பார்ப்போம்'னாரு. இன்னைக்குத்தான் இவரு எங்ககூட வந்து நிக்கிறாரு. கொஞ்சம் பேசிக்கிறேங்க, அப்புறம் சொல்றேன்."

பிறகு மாமா பக்கம் திரும்பினார். "அரைப்படி என்னாச்சுங்க ஐயா?"

"அதை இங்கயா பேசறது?"

"வேற எங்க பேசறது? வாசலுக்கு வந்தா அப்புறம்ங்கறீங்க. தாலுகா ஆபீசுக்குப் போனா லீவுங்கறாங்க. இங்க சார் இருக்காரு, ஊரு இருக்கு, உங்க வீட்டு சனம் மொத்தமும் இருக்கு."

"பேசிக்கலாம்."

"போன வருசமும் பேசிக்கலாம்னுதான் சொன்னீங்க."

அப்போது சப்-இன்ஸ்பெக்டர் என் நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். "அறுப்புக் கூலி, போன வருஷம் போல" என்று சத்தமாகப் படித்தார். அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சும்மா பார்த்தார். மஞ்சளுக்கு இரண்டணா கூட்டினால் என்ன, வெற்றிலைக்குக் குறைத்தால் என்ன என்று ராத்திரி பகலாக யோசித்தவள் நான். அந்த ஒரு வரியை மட்டும் யோசிக்காமலே எழுதியிருந்தேன். எனக்கு முகம் சுட்டது. நல்லவேளை, சிவப்புப் புடவையில் அது தெரிந்திருக்காது.

"மாமா, கணக்குப் பார்த்தா நம்மால குடுக்க முடியும்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். ஆனால் பக்கத்தில் நின்ற அத்தைக்குக் கேட்டுவிட்டது.

"கொடுத்துருங்க. பஸ் போயிடும்" என்றார் அத்தை, தெருவுக்கே கேட்கும்படி.

"நீ சும்மா இரு. சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கு."

"உங்க சங்கமா நம்ம வயல்ல வந்து அறுக்கப் போகுது? அந்த ஐம்பது வேலிக்காரரு அரிவாள் எடுத்துக்கிட்டு வருவாரா? நெல்லு முத்திச் சாஞ்சு கிடக்கு. வானத்தைப் பாருங்க."

எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். சப்-இன்ஸ்பெக்டரும் பார்த்தார். கிழக்கே கொஞ்சம் கறுத்துத்தான் இருந்தது.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி. அரைப்படி. போதுமா?"

"கலத்துக்கு" என்றார் அக்கா.

"கலத்துக்குத்தான்."

அக்கா சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "இவரு மிராசுதாருதாங்க. ஒரு வேலியா இருந்தாலும் மிராசுதாருதான். சிவப்பு சும்மா போட்டிருக்காரு. இந்த ஊர்வலத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

மாமா முதல் தடவையாக அவரை நன்றியோடு பார்த்தார். அது 'மிராசுதாருதான்' என்று சொன்னதற்காக.

இதற்குள் அக்கா அத்தையின் முந்தானையைத் தொட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் துணி எங்கம்மா எடுத்தீங்க?"

அத்தை கடையைச் சொன்னார்.

"நூத்திப் பத்து கெஜமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாநாட்டுக்குக் கொடி தைக்க நாங்க சொல்லி வச்ச துணிங்க இது. மாநாட்டுக்குத் தடை போட்டதும் கடைக்காரரு அட்வான்சைத் திருப்பிக் குடுத்துட்டாரு. துணி என்னாச்சுன்னு நினைச்சேன்."

நாங்கள் எல்லாரும் எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டோம். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அத்தைக்கு மட்டும் வேறு கவலை.

"கெஜம் என்ன விலைக்குப் பேசினீங்க?"

"ரெண்டே கால்."

அத்தையின் முகத்தில் வந்த ஒளியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "நான் ரெண்டுக்கு முடிச்சேன்" என்றார், சப்-இன்ஸ்பெக்டருக்கும் கேட்கட்டும் என்று.

பதினொரு மணி பஸ் எங்கள் கண்ணெதிரே மெயின்ரோட்டில் போனது. அடுத்தது இரண்டரைக்கு. தாராசுரம் அன்று அமையவில்லை. மதகடியில் புங்கமர நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சஞ்சாதத்தைப் பிரித்தோம். அறுப்புக்காரர்களின் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஜீப்பில் சாய்ந்தபடி இரண்டு உருண்டை வாங்கிச் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ளப் பூசணிக்காய்ப் பொரியல்தான் இருந்தது. அதைச் சாப்பிட்டதும் ஏழின் விவரம் அவருக்கு ஓரளவு விளங்கியிருக்க வேண்டும். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் ஒரு சின்னத் தூறல் விழுந்தது. துணியின் சாயம் இறங்கியது. முப்பத்தோரு பேரும் கழுத்தும் கையும் ரோஜா நிறமாக வீடு திரும்பினோம். தேங்காயெண்ணெய், சீயக்காய், மண்ணெண்ணெய் எதற்கும் அது போகவில்லை.

இரண்டு நாள் கழித்து நிலக்காரர் சங்கம் மாமாவை விளக்கம் கேட்டுக் கூப்பிட்டது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய வெள்ளைச் சட்டையில், ரோஜா நிறக் கழுத்தோடு போனார். என்ன பேசினார்கள் என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து, "நான் மெம்பரா இல்லைன்னா அவங்களுக்குத்தான் நஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். ஒரு வாரம் பொறுத்து ஐம்பது வேலிக்காரரும் அரைப்படிக்குச் சம்மதித்தார். அவருடைய நெல் அதற்குள் பாதி உதிர்ந்து தரையில் கிடந்தது.

எங்கள் வயலில் அறுப்பு காணும் பொங்கலுக்கு மறுநாளே ஆரம்பித்துவிட்டது. நானும் களத்துக்குப் போனேன், நோட்டு இல்லாமல். நெல் பொலி பொலியாகக் குவிந்திருந்தது. மாமா தானே உட்கார்ந்து கூலி அளந்தார். ஒவ்வொரு கலத்துக்கும் வழக்கமான கூலியை அளந்து முடித்ததும் ஒரு கணம் கை நிற்கும். பிறகு அரைப்படியை எடுத்துக் கோபுரமாகக் குவித்துக் கொட்டுவார். மூன்றாவது கலத்தில் அந்த அக்கா சொன்னார்:

"தலை தட்டியே போடுங்க ஐயா. கேட்டது அரைப்படி. அதுக்கு மேல வேணும்னா அடுத்த வருசம் கேட்டு வாங்கிக்கிறோம்."

மாமா சிரித்துவிட்டார். அவர் களத்தில் உட்கார்ந்து சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். படியைத் தலை தட்டி, அடுத்த கலத்தை அளக்க ஆரம்பித்தார்.